சீப்பான யூஎஸ்பி வைஃபை டாங்கிளை லினக்ஸ்ல ஓட வைக்கிறது எப்படி

பழைய லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, உள்ள இருந்த வைஃபை கார்டு செத்துப்போச்சு, சரின்னு ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ 300 ரூபாய்க்கு நகம் சைஸ்ல ஒரு டாங்கிள் வாங்கி சொருகுனா ஒரு நெட்வொர்க்கும் தெரியல. உடனே "லினக்ஸ்னாலே இப்டித்தான்"னு விண்டோஸுக்கு திரும்பி ஓட வேணாம். முக்காவாசி நேரம் டாங்கிளும் நல்லாத்தான் இருக்கும் லினக்ஸும் நல்லாத்தான் இருக்கும், உள்ள என்ன சிப் இருக்குன்னு பாக்காம நெட்ல கெடச்ச டிரைவரை எல்லாம் ஏத்துறதுலதான் சிக்கலே ஆரம்பிக்குது.

பெட்டி மேல இருக்குற பேரை நம்பாதீங்க. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் ரொம்ப ஃபேமஸ், லினக்ஸ்ல சொருகுன உடனே ஓடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அது வெர்ஷன் 1க்கு மட்டும்தான், அதுல இருந்தது அதிராஸ் ஏஆர்9271 சிப். வெர்ஷன் 2ல இருந்து உள்ள ரியல்டெக் சிப்பா மாத்திட்டாங்க, பேரு அதே, பாக்கவும் அப்டியே இருக்கும். பேரே இல்லாம வர்ற சீன டாங்கிள்ல கேக்கவே வேணாம்.

அதனால மொத வேலை, டாங்கிளை சொருகிட்டு டெர்மினல்ல "எல்எஸ்யூஎஸ்பி"ன்னு அடிங்க, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் கிடையாது. வரிசையா சில லைன் வரும், எது உங்களோடதுன்னு தெரியலன்னா கழட்டிட்டு ஒரு தடவ, சொருகிட்டு ஒரு தடவ அடிச்சு பாருங்க, புதுசா வந்த லைன்தான் உங்க டாங்கிள். அதுல நாலு எழுத்து, ஒரு கோலன், இன்னொரு நாலு எழுத்துன்னு ஒரு ஐடி இருக்கும் பாருங்க, இனிமே நெட்ல தேடுறதா இருந்தாலும் யாருகிட்டயாவது கேக்குறதா இருந்தாலும் அந்த ஐடிய வெச்சுதான்.

148எஃப்:7601னு வந்தா மீடியாடெக் எம்டி7601யூ, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி, பெரும்பாலான டிரைவர் இதோடவே வரும்) 4.2லயே, அதாவது 2015லயே டிரைவர் உள்ள வந்துடுச்சு, அது தானா ஓடணும். 148எஃப்:5370 வந்தா ரேலிங்க் ஆர்டி5370, ரொம்ப பழசு, கண்ண மூடிட்டு ஓடும். 0பிடிஏன்னு ஆரம்பிச்சா ரியல்டெக், தொடர்ந்து கீழ படிங்க.

ரியல்டெக்லயும் 0பிடிஏ:1ஏ2பின்னு வந்தா ஒரு கூத்து இருக்கு. அந்த டாங்கிள் இப்போ வைஃபையாவே இல்ல, ஒரு குட்டி சிடி டிரைவா நடிச்சிட்டு இருக்கு. விண்டோஸ்காரங்களுக்காக உள்ளயே டிரைவர் செட்டப் ஃபைலை வெச்சு அனுப்பிருப்பாங்க, பெட்டில "டிரைவர் ஃப்ரீ"ன்னு போட்டிருக்குறதுக்கு அர்த்தம் இதுதான். ஃபைல் மேனேஜர்ல அந்த சிடி தெரிஞ்சா ரைட் கிளிக் பண்ணி எஜெக்ட் குடுங்க, திரும்ப எல்எஸ்யூஎஸ்பி அடிச்சா ஐடி மாறியிருக்கும், அதுதான் ஒரிஜினல் ஐடி. ஒவ்வொரு தடவயும் எஜெக்ட் பண்ண முடியாதுல்ல, அதுக்குன்னே யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, சாஃப்ட்வேர் மேனேஜர்ல தேடி இன்ஸ்டால் பண்ணிட்டு டாங்கிளை கழட்டி மாட்டுங்க, அனேகமா அதுவே மாத்திவிட்டுரும்.

"வைஃபையே இல்ல, எதை வெச்சு இன்ஸ்டால் பண்றது"ன்னு கேப்பீங்க. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிள்ல கம்ப்யூட்டரோட மாட்டி, செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துல இருக்குற யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க, சும்மா சார்ஜ் மட்டும் ஏறுற கேபிளா இருக்கக் கூடாது. லினக்ஸ் அதை லேன் கனெக்‌ஷன் மாதிரி உடனே எடுத்துக்கும், டிரைவர் ஒண்ணும் வேணாம். போன் வீட்டு வைஃபைல இருந்தா அதையே உள்ள அனுப்பும், டேட்டா பேக் காலியாகுமேன்னு பயப்பட வேணாம்.

இப்போ டிரைவர். யூடியூப்ல பாதி வீடியோ கிட்ஹப்ல இருந்து எதையோ இறக்கி கம்பைல் பண்ண, அதாவது சோர்ஸ் கோடுல இருந்து டிரைவரை நீங்களே உருவாக்க சொல்லும். அது கடைசி ஆயுதம், மொதல்லயே எடுக்காதீங்க. ரியல்டெக்கோட சீப் யூஎஸ்பி சிப்ங்களுக்கு கெர்னல்ல ரொம்ப வருஷமா ஒழுங்கான டிரைவர் இல்லாம இருந்துச்சு, உண்மைதான், ஆனா 6.2 கெர்னல்ல இருந்து ஒண்ணொண்ணா உள்ள சேர்த்துட்டே வந்துட்டாங்க, 6.14க்கு வர்றப்போ 8188 குடும்பம், 8811, 8812, 8821ன்னு கடைல கெடைக்கிற பெரும்பாலான சிப் உள்ளயே வந்துருச்சு. மின்ட் 21ல வர்றது 5.15, மின்ட் 22ல 6.8, மின்ட் 22.2லதான் 6.14. ஆக, டெர்மினல்ல "யூநேம் -ஆர்" அடிச்சு உங்க கெர்னல் என்னன்னு பாருங்க, பழசா இருந்தா மேல சொன்ன போன் நெட்டை வெச்சு அப்டேட் மேனேஜரை தொறந்து வியூ மெனுல லினக்ஸ் கெர்னல்ஸ் போய் அங்க இருக்குறதுலயே புதுச போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. பழைய கெர்னல் அப்டியே இருக்கும், ஏதாவது ஏடாகூடமானா பூட் ஆகும்போது க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழசையே எடுத்துக்கலாம். நெறைய பேருக்கு கதை இங்கயே முடிஞ்சிரும்.

அப்பவும் வரலன்னாதான் வெளி டிரைவர். அதுலயும் டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரை தானா திரும்ப கம்பைல் பண்ணி வைக்கிற டூல்) சப்போர்ட் இருக்குறதா பாத்து எடுங்க, இல்லன்னா ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் வைஃபை செத்துடும், நீங்க திரும்ப கம்பைல் பண்ணிட்டு உக்காந்திருக்கணும். டிகேஎம்எஸ், பில்ட்-எசென்ஷியல், உங்க கெர்னலோட ஹெடர்ஸ் இந்த மூணும் மொதல்ல இன்ஸ்டால் ஆகியிருக்கணும். இன்னொண்ணு, கொஞ்சம் புது மெஷின்னா செக்யூர் பூட், அதாவது அனுமதி இல்லாத டிரைவரை ஏத்த விடாத பாதுகாப்பு, ஆன்ல இருக்கும், எர்ரர் இல்லாம கம்பைல் ஆகும் ஆனா டிரைவர் லோடே ஆகாது, நெறைய பேரு மண்டைய ஒடைச்சுக்கிறது இதுலதான். இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்க சொல்லும், ரீஸ்டார்ட் ஆனதும் நீல கலர்ல ஒரு ஸ்க்ரீன் வரும், அதுல என்ரோல் எம்ஓகே செலக்ட் பண்ணி அதே பாஸ்வேர்டை அடிக்கணும், அவசரத்துல கன்டினியூ பூட் அமுக்கிட்டீங்கன்னா போச்சு. இந்த தலைவலி வேணாம்னா பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க, வீட்டு மெஷினுக்கு நான் அதைத்தான் பண்ணுவேன், விண்டோஸும் சேர்ந்து இருந்து அதோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஆன்ல இருந்தா மட்டும் ரெக்கவரி கீய எடுத்து வெச்சுட்டு அப்புறம் பயாஸ்ல கை வைங்க.

கனெக்ட் ஆகுது, ஆனா கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ கட் ஆகுதுன்னா பவர் சேவிங்கா இருக்கலாம். ஈடிசி ஃபோல்டருக்குள்ள நெட்வொர்க்மேனேஜர், அதுக்குள்ள கான்ஃப் டாட் டின்னு ஒரு ஃபோல்டர், அங்க வைஃபை பவர்சேவ்னு பேர்ல வர்ற ஃபைலை ரூட்டா தொறந்து 3ன்னு இருக்குறதை 2 ஆக்கி சேவ் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க, 2ன்னா ஆஃப். அதுவும் இல்லன்னா போர்ட்டை பாருங்க, நீல கலர் யூஎஸ்பி 3 போர்ட்டும் அதுல ஓடுற ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே இரைச்சல் போடும், டாங்கிளோட சிக்னலும் அங்கதான் இருக்கு. கருப்பு போர்ட்டுக்கு மாத்துங்க, இல்ல ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு கேபினட் பின்னாடி இருந்து டேபிள் மேல கொண்டு வாங்க.

இன்னும் வாங்கலன்னா, 150 எம்பிபிஎஸ்னு போட்டிருக்குற குட்டி டாங்கிள் எல்லாம் 2.4ல மட்டும்தான் ஓடும், வீட்டு ரவுட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் (பேர்ல 5ஜின்னு இருக்கும், போன் 5ஜி இல்ல) அதுல தெரியாது, பழுதுன்னு நெனச்சு திருப்பி குடுக்காதீங்க. கொஞ்சம் காசு கூட போட முடியும்னா எம்டி7612யூ சிப் இருக்குறதா தேடுங்க, 4.19 கெர்னல்ல இருந்தே சப்போர்ட் இருக்கு, 5 கிகாஹெர்ட்ஸும் வரும். சீப்பா வைஃபை 6னு சொல்லி ஏஐசி8800 சிப் போட்டு வித்துட்டு இருக்காங்க, அதுக்கு 6.14 கெர்னல்ல கூட டிரைவர் கிடையாது, அந்த பக்கமே போகாதீங்க. கடைல நேர்ல வாங்குறவங்க மின்ட் போட்ட லேப்டாப்பை கூடவே தூக்கிட்டு போய் அங்கயே சொருகி எல்எஸ்யூஎஸ்பி அடிச்சு பாத்துட்டு காசு குடுங்க, ஆன்லைன்னா ரிட்டர்ன் இருக்குற லிஸ்டிங்கா பாத்து ஆர்டர் போடுங்க.