முரானோ கண்ணாடிக் கண்காட்சியில் நாம் செய்யும் தவறுகள்

இத்தாலியில் வெனிஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள முரானோ தீவின் கண்ணாடி என்றதும் வண்ணம்தான் நினைவுக்கு வரும். கண்காட்சிக்குள் நுழைந்ததும் கண்ணும் அதைத்தான் தேடி ஓடும். முதல் தவறு அதுதான். நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் அரை மணியில் சலித்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு ஜாடியின் முன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வேலை சூட்டில் நடந்ததா, ஆறிய பிறகு நடந்ததா?

ஃபாட்ஸொலெத்தோவை எடுத்துக்கொள்வோம். கைக்குட்டை என்று பொருள். 1940களின் கடைசியில் வடிவமைப்பாளர் ஃபுல்வியோ பியான்கோனியும், கண்ணாடி நிறுவனம் நடத்திய பவுலோ வெனினியும் கொண்டுவந்த ஜாடி. கைக்குட்டையை நடுவில் பிடித்துத் தூக்கி, அப்படியே தலைகீழாக நிறுத்தியதுபோல முனைகள் மேலே நிற்கும். இடுக்கியால் ஒவ்வொரு மடிப்பாக மடித்திருப்பார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மடித்தது புவியீர்ப்பு. இளகிய கண்ணாடியின் வாயை அகல விரித்து, அது ஒட்டியிருக்கும் கம்பியைத் தரைப்பக்கம் திருப்பினால் ஓரங்கள் தாமே தொய்ந்து இறங்கும். எந்த நொடியில் நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன். இரண்டு ஜாடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விளிம்பை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றுபோல இன்னொன்று விழுந்திருக்காது.

பத்தூத்தோ நேர் எதிர். பெயருக்கு ‘தட்டியது’ என்று அர்த்தம். பார்க்கவும் சுத்தியால் தட்டிய செம்புப் பாத்திரம்போலவே இருக்கும். உடனே சூட்டில் தட்டியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முழுக்க ஆறிய கண்ணாடியைச் சாணைச் சக்கரத்தில் வைத்து, சின்னச் சின்னத் தேய்ப்பாக ஒட்ட ஒட்டப் போட்டது அது. கார்லோ ஸ்கார்ப்பா வெனினி நிறுவனத்துக்காக வடிவமைத்த இவ்வகை ஜாடிகள் 1940 வெனிஸ் பியென்னாலே கலைக்கண்காட்சியில் வைக்கப்பட்டன. கை கொஞ்சம் அழுந்தினால் அதுவரை பட்ட பாடெல்லாம் போச்சு.

குமிழியைப் பார்த்துக் குறை என்று சொல்பவர்களும் உண்டு. புல்லிகான்தே வகையில் குமிழிகள் வேண்டுமென்றே வைத்தவை: முட்கள் உள்ள அச்சில் கண்ணாடியை அழுத்திக் குழிகள் உண்டாக்கி, மேலே இன்னொரு அடுக்கைப் போர்த்துவார்கள். குழியில் சிக்கிய காற்றுதான் குமிழி. வரிசை தப்பாமல் இருக்கிறதா பாருங்கள், போதும்.

அடுத்தது, பெயர்ப்பலகையில் உள்ளவரே கண்ணாடியை ஊதிச் செய்தார் என்று நம்புவது. ஸ்கார்ப்பா கட்டடக்கலைப் பின்னணி கொண்டவர், ஊதுகுழல் பிடித்தவர் அல்லர். உலையருகே அவருடைய யோசனைகளைக் கண்ணாடியாக்கியவர்களில் முக்கியமானவர் ‘போபோலி’ என்று அழைக்கப்பட்ட அர்த்தூரோ பியாசூத்தோ. உலைத் தலைவருக்கு அங்கே மாஎஸ்த்ரோ என்று பெயர். போர்த்துகீசியம் வழியாக நமக்கு வந்த மேஸ்திரியும் அதே வேர்ச்சொல்தான்! வடிவமைத்தவர், நிறுவனம், மேஸ்திரி என மூவரில் மூன்றாமவர் பெரும்பாலும் பலகையில் இருக்கமாட்டார்.

அப்புறம், நின்ற இடத்திலிருந்தே பார்ப்பது. சொம்மெர்ஸோ என்பது ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று என உருகிய கண்ணாடியில் முக்கி முக்கித் தடிப்பாக்கும் முறை. செகூசோ வேத்ரி தார்தே நிறுவனத்தில் ஃப்ளாவியோ போலி இதில் கைதேர்ந்தவர். அவர் வேலைக்கு 1954-இல் கொம்பாஸ்ஸோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது கிடைத்தது. முன்னாலிருந்து ஒரே பச்சைக் கட்டியாகத் தெரிவது, குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் நிறம் நிறமாகப் பிரியும். குனியும்போது முதுகுப்பை மட்டும் வேண்டாம். ஒருமுறை என் பை பக்கத்துப் பெட்டியில் இடித்த சத்தத்துக்குக் காவலர் ஓடி வந்த வேகம் இன்னும் மறக்கவில்லை. ஃபிளாஷ் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, ஆனால் படத்தில் உங்கள் முகம்தான் விழும்.

கடைசியாக, பார்த்த ஆசையில் வாங்கக் கிளம்புவது. ஃபாட்ஸொலெத்தோவை வெனினி இன்றும் செய்கிறது. மற்ற உலைகளும் நிறையவே நகல் எடுத்திருக்கின்றன. அடியில் உள்ள கையெழுத்தைப் பிறகுகூடப் பொறிக்கலாம், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. ‘வேத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ (முரானோ கலைக் கண்ணாடி) என்ற ஒட்டுமுத்திரை, வெனிஸ் அடங்கிய வேனெத்தோ வட்டாரத்தின் 1994 சட்டத்தால் வந்தது. அதை ஒட்டிய ஜாடியை ‘1950களின் அசல்’ என்று யாராவது நீட்டினால், சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.