பாஸ்வேர்டை எந்தக் கணினியில் மாற்றினீர்கள்? உளவு மென்பொருள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி பழுதுபார்க்கும் வேலையில் என்னோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் போன வாரம் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது, ஓரத்தில் விளம்பரம் துள்ளுகிறது. ஸ்கேன் பாதிகூட முடியவில்லை. அதற்குள் அதே லேப்டாப்பில் மெயிலைத் திறந்து, உரிமையாளரைப் போனில் பிடித்து, "புதுப் பாஸ்வேர்ட் சொல்லுங்க சார், மாத்திடறேன்" என்கிறான். எனக்குப் பகீரென்றது. இதே கூத்தை நானும் ஒரு காலத்தில் அடித்திருக்கிறேன்.

தெரியாத லிங்கை அழுத்தாதே, ஓடிபியைச் சொல்லாதே என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாதித்த கணினியிலேயே பாஸ்வேர்டை மாற்றுவது

வீடியோவின் அளவைக் குறைக்க ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். வேலையை ஒழுங்காகவே செய்தது. இரண்டு நாள் கழித்து, என் மெயிலை யாரோ எங்கிருந்தோ திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் மீண்டும் அதே எச்சரிக்கை. சரி, எளிதாக ஊகித்துவிட்டார்கள் போல என்று நினைத்து, 20 எழுத்தில் இன்னொன்று போட்டேன். அன்று மாலையே மறுபடியும் உள்ளே வந்துவிட்டார்கள். பழையதையும் சேர்த்து மூன்று பாஸ்வேர்டையும் அந்த ஒரே கணினியில் உட்கார்ந்து தட்டியது நான்தான். அந்த இலவச மென்பொருளோடு கீலாகர் ஒன்றும் உள்ளே வந்திருந்தது. கீலாகர் என்பது நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்து வெளியே அனுப்புவது. அதன் எதிரே உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டைத் தட்டினால், திருடனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுப் பூட்டுக்குச் சாவி வெட்டுவதுதான்.

இப்போது பரவலாக இருப்பவை அதைவிட மோசம். அவை நீங்கள் தட்டும்வரை காத்திருப்பதுகூட இல்லை. ஒரு தளத்தில் லாகின் செய்ததும் அது உங்கள் பிரவுசரிடம் குக்கீ என்று ஒரு சீட்டைக் கொடுத்து வைக்கிறது. அடுத்தடுத்த பக்கங்களைத் திறக்கும்போது அந்தச் சீட்டைப் பார்த்தே உள்ளே விடுகிறது. சீட்டை நகலெடுத்தவனிடம் பல தளங்கள் பாஸ்வேர்டும் கேட்பதில்லை, ஓடிபியும் கேட்பதில்லை. "பாஸ்வேர்டோட ஓடிபியும் கேக்கற டூ ஸ்டெப் போட்டிருந்தேனே, எப்படிப் போச்சு?" என்று வருபவர்களில் பலருடைய கதை இதுதான். பாஸ்வேர்டை மாற்றினால் சில தளங்கள் பழைய சீட்டுகளை ரத்து செய்யும், சில செய்யாது. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானைத் தேடிப்பிடித்து நீங்களே அழுத்த வேண்டும்.

ஆகவே முதலில் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான போனிலோ கணினியிலோ உட்காருங்கள். மெயிலில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் லிங்க் எல்லாம் அங்கேதான் வந்து விழும். மாற்றி, எல்லா இடத்திலும் லாக் அவுட் செய்து, அப்புறம் மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு அடுத்தது. கணினியை ஃபார்மட் செய்த பிறகே அதில் மறுபடி லாகின்.

இதையெல்லாம் செய்தும் நான் ஒன்றைக் கோட்டைவிட்டேன். சில மாதங்களாக எந்தத் தளத்திலிருந்தும் "உங்கள் பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது" என்ற மெயிலே எனக்கு வரவில்லை. தற்செயலாக மெயில் அமைப்புகளில் ஃபில்டர் பக்கத்தைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. நான் எழுதாத ஒரு ஃபில்டர்: பாஸ்வேர்ட் என்ற சொல் இருக்கும் மெயில் வந்தால் நேராகக் குப்பைக்கு அனுப்பு. உள்ளே வந்தவன் போகும்போது வைத்துவிட்டுப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. ஃபில்டர், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங், கணக்கோடு இணைக்கப்பட்ட ஆப்கள் மூன்றையும் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு சிங்க்கை மறப்பது

ஃபார்மட் செய்து, பளிச்சென்று கொடுத்தனுப்புவோம். உரிமையாளர் வீட்டுக்குப் போய்ப் பிரவுசரில் சைன் இன் செய்வார். கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் சிங்க் வசதியால் பழைய எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள், வரிசையாகத் திரும்பி இறங்கும், கெட்டதும் சேர்த்து. முதலில் கணக்கிலிருந்தே அதை நீக்க வேண்டும்.

"நான் நல்ல எக்ஸ்டென்ஷன்தான் போட்டேன்" என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் பல ஆண்டுகள் ஒழுங்காகத்தான் இருந்தது. 2020இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் நிறுவவில்லை, இருந்ததுதான் மாறிவிட்டது.

மென்பொருளை நீக்கினால் எல்லாம் போய்விட்டது என நம்புவது

சில லெனோவோ லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வந்தது 2015இல் அம்பலமானது. தளம் உண்மையானதா என்று சரிபார்க்கப் பிரவுசர் நம்பும் ரூட் சான்றிதழ் ஒன்றை அது தனக்கென நிறுவிக்கொண்டு, பூட்டுச் சின்னம் காட்டும் பக்கங்களுக்குள்ளும் புகுந்தது. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் அப்படியே தங்கியது. நீக்கி முடித்ததும் இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் ப்ராக்ஸி அமைப்பு, சான்றிதழ்கள், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் மூன்றையும் ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம். அட்டகாசம் செய்யும் நிரல் பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில்தான் ஒளிந்திருக்கும்.

டார்ச் ஆப்புக்கு அக்சஸிபிலிட்டி கொடுப்பது

கேமரா, மைக் அனுமதி கேட்டால் யோசிக்கிறார்கள். அக்சஸிபிலிட்டி அனுமதியை யோசிக்காமல் கொடுக்கிறார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்ட வந்த வசதி இது. ஆகவே இந்த அனுமதி பெற்ற ஆப் திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதில் பொத்தானையும் அழுத்தும். வங்கிக் கணக்குகளைக் குறிவைத்த அனுபிஸ், செர்பரஸ் என்ற ஆண்ட்ராய்ட் தீங்கு நிரல்கள் இரண்டும் இதைத்தான் பிடித்துக்கொண்டன. அன்இன்ஸ்டால் பக்கத்தைத் திறந்தால் தானே பின்னால் போய்விடும் ஆப்பைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி அடம்பிடித்தால் போனை, நீங்கள் நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் திறந்து நீக்குங்கள். ஆண்ட்ராய்ட் 13 முதல், ஸ்டோருக்கு வெளியே இறக்கிய ஆப்களுக்கு இந்த அனுமதி நேரடியாகக் கிடைக்காதபடி தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பை எப்படி விலக்குவது என்று ஆப்பே படம் போட்டுச் சொல்லித்தந்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

"5 வைரஸ்" என்று ஓரத்தில் வரும் அறிவிப்பு

வைரஸ் ஸ்கேன் சொல்வதல்ல, ஏதோ ஒரு தளம் அனுப்பும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன். எப்போதோ அனுமதித்தீர்கள், இப்போது ரத்து செய்யுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ்

ஒன்று போதும்.

கேமராவில் ஸ்டிக்கர்

ஒட்டுங்கள். மைக்கை என்ன செய்தீர்கள்?