ரெஸ்யூமேயில் பொய் நுழையும் இடம்

விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. பச்சைப் பொய்யை நான் அதிகம் பார்த்ததில்லை. "முடித்தேன்" என்று ஒரு சொல் இருக்கும். சான்றிதழை எடுத்துப் பார்த்தால் "பங்கேற்றார்" என்றிருக்கும்.

அதனால் எழுத உட்காரும்போது நினைவை நம்பாதீர்கள். சான்றிதழ்களையும் நியமனக் கடிதங்களையும் மேசையில் பரப்பி, பட்டத்தையும் பதவியையும் அதில் உள்ளபடியே எழுதுங்கள். ஆண்டோடு மாதத்தையும் போடுங்கள். "2019–2020" என்பது இரண்டு ஆண்டாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம். பாதியில் விட்ட படிப்பா? "இரண்டு ஆண்டு படித்தேன், பட்டம் பெறவில்லை" என்றே எழுதுங்கள். அந்த வரிக்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை.

பொதுப் பதவியில் இருப்பவருக்கு இது இன்னும் கடுமை. ஜெர்மனியின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தை மூலம் சொல்லாமல் எடுத்திருந்தார்; அந்தப் பட்டத்தை பய்ராய்ட் பல்கலைக்கழகம் 2011 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. மார்ச் 1 அன்று பதவி விலகினார். ஹங்கேரி குடியரசுத் தலைவர் பால் ஷ்மிட் 2012 ஏப்ரலில் விலகியதும் இதேபோல முனைவர் பட்ட ஆய்வேட்டில் காப்பியடித்த விவகாரத்தில்தான். இருவருமே முதலில் மறுத்தார்கள். அந்த மறுப்புதான் என்னை உறுத்துகிறது.

தவறு தெரிந்த அன்றே எழுதிக் கொடுங்கள்: எந்த வரி தவறு, சரியானது எது, யாருக்கெல்லாம் அதைக் கொடுத்தேன். தெரிந்தே செய்ததைக் "கவனக்குறைவு" என்று எழுதாதீர்கள். விலக நேர்ந்தால் கடிதத்தில் காரணத்தைச் சொல்லுங்கள். "சொந்தக் காரணங்கள்" வேண்டாம். இணையத்தில் கிடக்கும் பழைய சுயவிவரங்களையும் அன்றே திருத்திவிடுங்கள்.