தொன்மக் கதை படிக்கிறவங்க விழுற குழி

புதுசா தொன்மம், அதாவது தெய்வங்க, முன்னோர்கள் பத்தின பழங்கதை, பத்தி எழுத வர்றவங்க கட்டுரைய வாசிச்சு கருத்து சொல்றது என் வேலையில ஒரு பகுதி. சமீபத்துல வந்ததுல மூணுல, கிரேக்கக் கதையில வர்ற முதல் பொண்ணான பண்டோராவோட "பெட்டி" இருந்துச்சு, பாத்ததும் பக்குனு ஆயிடுச்சு, ஏன்னா இதே பெட்டியிலதான் பல வருஷம் முன்னாடி நானும் மாட்டுனேன். தொன்மம்னா பொய் இல்லங்கிறது உங்களுக்கே தெரியும், அத விட்டுடுறேன்.

சுருக்கத்த மட்டும் படிச்சுட்டு அர்த்தம் சொல்றது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்ற தப்பு இதான். படிக்கிற காலத்துல பண்டோரா பத்தி நாப்பது பக்கம் எழுதுனேன். மூடின பெட்டி, திறக்காதன்னு தடை, ஒரு பொண்ணோட ஆர்வம், மீறல், தண்டனைன்னு முழு வாதமும் அதுமேலயே நின்னுச்சு. ஆசிரியர் படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார், "ஹெசியாட்ல பெட்டி எங்க இருக்கு?"

இல்ல. கி.மு. 700 வாக்குல இந்தக் கதையப் பாடின கிரேக்கக் கவிஞர் ஹெசியாட் சொன்னது பித்தோஸ், அதாவது தானியம், எண்ணெய், ஒயின்லாம் சேத்து வைக்கிற பெரிய மண் தாழி. 16ஆம் நூற்றாண்டுல ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் லத்தீன்ல எழுதும்போதுதான் அது பெட்டியாச்சு. திறக்காதன்னு யாரும் பண்டோராகிட்ட சொன்னதாவும் ஹெசியாட்ல இல்ல, ஆர்வம் தாங்காம திறந்தான்னும் இல்ல. மூடிய எடுக்குறா, கேடெல்லாம் பரவுது, அவ்ளோதான். எச்சரிக்கைன்னு ஒண்ணு வர்றது பண்டோராவ ஏத்துக்கிட்ட எபிமீத்தியஸுக்கு, தலைமைக் கடவுள் சியூஸ் குடுக்குற பரிசை வாங்காதன்னு.

தாழியோ பெட்டியோ என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். ஆனா ஹெசியாட் இதச் சொல்ற கவிதையே உழவு, விதைப்பு, வீட்டுச் சேமிப்பு பத்தினது, மனுஷன் ஏன் இப்படி பாடுபட்டே சாப்பிடணும்ங்கிற கேள்விக்குத்தான் அவர் இந்தக் கதைய எடுக்குறார், பிழைக்கிற வழிய தெய்வங்க ஒளிச்சு வச்சுட்டாங்கன்னு ஆரம்பிச்சு. சோறு இருக்க வேண்டிய பாத்திரத்துலேருந்து நோயும் துன்பமும் வருது. பெட்டின்னு படிச்ச எனக்கு அது ரகசியத்தப் பத்தின கதையா தெரிஞ்சுச்சு, அது பசியப் பத்தின கதை. நாப்பது பக்கமும் போச்சு, ஒரு வருஷ உழைப்பும் போச்சு. அதுலேருந்து எந்த விவரம் யார் சொன்னது, எந்தக் காலத்துல வந்ததுன்னு ஓரத்துல குறிக்காம நான் ஒரு வரி எழுதுறதில்ல, நீங்களும் எழுதாதீங்க.

அறிவியல் தெரியாததால கதை கட்டுனாங்கன்னு சொல்றது

இயற்கைய விளக்குற கதைகள் இருக்கு, ஆனா அதுமட்டும் இல்ல. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1910கள்ல நியூ கினி பக்கத்துல இருக்குற ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல தங்கி கேட்ட கதைகள்ல ஒவ்வொரு குலத்தோட முன்னோரும் ஏதோ ஒரு குழியிலேருந்து வெளிய வர்றாங்க. அது பூமி எப்படி உண்டாச்சுங்கிற பாடம் இல்ல, இந்த நிலம் எங்களுதுங்கிற பட்டா.

அசல் எதுன்னு தேடுறது

தேடாதீங்க. ஒரே கதைய ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா சொல்வாங்க. தெரியாம அப்பாவக் கொன்னு அம்மாவக் கட்டிக்கிட்ட ராஜா ஈடிபஸ், கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமர்ல உண்மை தெரிஞ்சப்புறமும் தீப்ஸ் நகரத்த ஆள்றான், நாடக ஆசிரியர் சோஃபக்ளிஸ்ல கண்ணக் குத்திக்கிறான்.

வெள்ளம்னாலே ஒரே கதைன்னு முடிவு கட்டுறது

1872ல பிரிட்டிஷ் மியூசியத்துல ஜார்ஜ் ஸ்மித், பழைய மெசபடோமியக் காவியமான கில்காமேஷோட களிமண் பலகையில வெள்ளக் கதைய படிச்சப்போ ஏன் அவ்ளோ பரபரப்பாச்சுன்னா, கப்பல் மலையில ஒதுங்குது, புறா, தகைவிலான் குருவி, காக்கைன்னு ஒவ்வொண்ணா பறக்க விடுறாங்க, பைபிள்ல வர்ற நோவா வெள்ளக் கதையிலயும் காக்கையும் புறாவும் வருது. அந்த மாதிரி நுணுக்கமான விவரம் ஒத்துப்போனா தொடர்பு இருக்கான்னு யோசிக்கலாம். வெறும் தண்ணி மட்டும் ஒத்துப்போனா போதாது, ஆறு ஓடுற எடத்துலல்லாம் வெள்ளம் வரும்.