குர்குமின் நானோத்துகள்: செல்லைக் கொன்றது எது என்று தெரியாமல் போகும் தவறுகள்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இறுதியாண்டு ஆய்வுக்கு மஞ்சளின் குர்குமினை நானோத்துகளில் பொதிக்கப் போகும் மாணவர்களுக்கு இது. தட்டில் புற்றுச்செல்கள் செத்தது மட்டும் போதாது. கொன்றது பொதிந்த குர்குமினா, கரைப்பானா, வெறும் துகளா என்று காட்ட முடியவேண்டும்.

முதலில் சரக்கு. பினாங்கின் லெபோ பாசார் கடைத்தெருவில் வாங்கும் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். வேதிப்பொருளாக விற்கும் சாதாரண குர்குமினிலும் ஏறத்தாழ 77 விழுக்காடே அது. மீதியில் பெரும்பங்கு அதன் உறவுச் சேர்மங்கள். தூய்மை அளவைப் பார்த்து வாங்குங்கள்.

துகளின் உடலாக அமையும், உடலில் சிதையக்கூடிய பிஎல்ஜிஏ பாலிமர் பாட்டிலை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே வியர்த்துவிடும். நீர் பட்ட பாலிமர் சங்கிலி மெல்ல அறுபடும். உலர்கலனில் வைத்து, அறைவெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள்.

50 மில்லிகிராம் பாலிமர், 5 மில்லிகிராம் குர்குமின் இரண்டையும் 5 மில்லிலிட்டர் அசிட்டோனில் கரைத்து, 1 விழுக்காடு பிவிஏ (துகள்கள் ஒட்டாமல் காக்கும் பாலிமர்) கரைந்த 20 மில்லிலிட்டர் நீரில் கலக்கியபடி சொட்டுச் சொட்டாக விடலாம். தொடங்குவதற்கு இது நல்ல அளவு. ஒளி படாமல் அலுமினியத் தாள் சுற்றி, அசிட்டோன் முழுதும் போகும்வரை கலக்குங்கள்.

மிகப் பெரிய தவறு இதற்கடுத்து நடக்கிறது. உள்ளே போகாத குர்குமின் நீரில் கரையாது. படிகமாகத் திரண்டு, மையவிலக்கில் துகளோடு சேர்ந்தே அடியில் உட்காரும். மேல்நீர் தெளிவாக இருக்கிறதென்று 95 விழுக்காடு பொதிந்ததாக எழுதினால் அது பொய்க்கணக்கு. முதலில் 1,000 ஜி (புவியீர்ப்பின் 1,000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் தங்கும் ஆரஞ்சுப் படிவை ஒதுக்குங்கள். மேலே உள்ளதை 15,000 ஜி-யில் சுழற்றித் துகளைச் சேகரியுங்கள். உலர்ந்த துகளை எடைபோட்டு, அசிட்டோநைட்ரைலில் கரைத்து, 420–425 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள். அதைக் குர்குமின் அளவாக மாற்ற உதவும் அளவுக்கோடும் அதே கரைப்பானில் போட்டதாக இருக்கட்டும்.

துகளை டயாலிசிஸ் பையிலிட்டு, குர்குமின் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்கும் வெளியேற்றச் சோதனையை வெறும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) செய்வதும் ஏமாற்றும். குர்குமின் அதில் கரையாததால் பைக்குள்ளேயே கிடக்கும். ‘மெதுவாக வெளியேறுகிறது’ என்று தோன்றும். வெளிநீரில் குர்குமினைக் கரைக்க உதவும் ட்வீன் 80-ஐ 0.5 விழுக்காடு சேருங்கள்.

செல் தட்டுக்கு வருவோம். சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத, பிஎச் 7.2 பஃபரில், 37 டிகிரியில், துகளில் பொதியாத தனிக் குர்குமின் அரை மணி நேரத்தில் 90 விழுக்காடு சிதைந்துவிடும். நானோ வடிவம் ‘வலுவாக’த் தெரிவதற்கு ஒப்பிடும் தனிக் குர்குமின் சிதைந்துபோனதே காரணமாக இருக்கலாம். அதனால் மருந்தில்லாத துகள் அதே எடையில், டிஎம்எஸ்ஓ (தனிக் குர்குமினைக் கரைக்கும் கரைப்பான்) மட்டும், தனிக் குர்குமின், எதுவும் சேர்க்காத செல் ஆகிய நான்கு கிணறுகளும் (தட்டின் சிறு குழிகள்) ஒவ்வொரு தட்டிலும் தேவை. டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புற்றுச்செல்லோடு ஓர் இயல்பான செல்லையும் வையுங்கள்; இரண்டும் ஒரே அளவில் சாகுமானால் அது நச்சு மட்டுமே.

எம்டிடி சாயத்தை உயிருள்ள செல் ஊதாவாக்கும்; அதை வைத்தே உயிரோடுள்ள செல்லை அளக்கிறோம். ஆனால் குர்குமின் செல் இல்லாமலேயே அதை ஊதாவாக்கக்கூடும்; செத்த செல் உயிரோடிருப்பதுபோல் தெரியும். சாயம் இடுமுன் கிணற்றைக் கழுவுங்கள். செல் இல்லாத கிணறு ஒன்றில் துகளும் சாயமும் மட்டும் இட்டு ஒப்பிடுங்கள்.

துகளின் அளவை நீரில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். 10 விழுக்காடு சீரம் கலந்த ஊடகத்தில் புரதம் ஒட்டி, 150 நானோமீட்டர் துகள் கொத்தாகத் திரளலாம். செல் சந்திப்பது அந்தக் கொத்தைத்தான்.

முடிவுரையில் ‘கட்டியை இலக்காகச் சென்றடையும்’ என்று எழுதுமுன் ஓர் எண்ணைப் பாருங்கள்: விலங்கு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளிவந்த கணக்கில், செலுத்திய நானோத்துகளில் கட்டியை அடைந்தது இடைநிலையாக 0.7 விழுக்காடு.