கிரிஸ்டல் வயலட் சோதனை: கழுவும்போது கவனம்

பயோஃபிலிம் (பாக்டீரியா ஒரு பரப்பில் பசையோடு ஒட்டிக் கட்டும் படலம்) புராஜெக்டுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளிடம் முதலில் கிரிஸ்டல் வயலட் சோதனையைத்தான் கொடுப்பேன். ஒட்டிய படலத்துக்கு ஊதாச் சாயம் ஏற்றி, அது எவ்வளவு என்று அளப்பதுதான் இது. 96 குழி பிளேட், ஒரு சாயம், குழிகளின் நிற அடர்த்தியை அளக்கும் பிளேட் ரீடர் இருந்தால் போதும். செலவு குறைவு. ஆனால் கை சுத்தமாக வேலை செய்யாவிட்டால், இது தரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தோலில் சாதாரணமாக வாழும் இது, நோயாளியின் கதீட்டரில் படலமாக ஒட்டிக்கொண்டால் தொல்லை. இதன் ஸ்ட்ரெயின்களில் (உள்வகைகளில்) ஏடிசிசி 35984 நன்றாகப் படலம் கட்டும்; ஏடிசிசி என்பது அமெரிக்க நுண்ணுயிர் சேமிப்பகம், எண் அதன் பட்டியல் எண். ஏடிசிசி 12228 கட்டாது. உங்கள் ஸ்ட்ரெயின் எதுவானாலும், இந்த இரண்டும் அதே பிளேட்டில் இருக்கட்டும். பாக்டீரியா இல்லாமல் வெறும் மீடியம் (வளர்ப்புத் திரவம்) மட்டும் உள்ள குழிகளும் வேண்டும்.

இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரை, 1% குளுக்கோஸ் சேர்த்த டிரிப்டிக் சோயா பிராத் மீடியத்தில் 1:100 ஆகக் கலக்கி, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஓரத்துக் குழிகள் சீக்கிரம் காயும். அவற்றில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு உள்ளே இருப்பவற்றைப் பயன்படுத்துங்கள். மூடி போட்டு, 37 டிகிரியில் 24 மணி நேரம், ஆட்டாமல் அசைக்காமல்.

அப்புறம் கழுவுவது. கல்ச்சரை ஹைப்போகுளோரைட் டப்பாவில் கவிழ்த்துக் கொட்டுங்கள். பாஸ்பேட் பஃபரைக் குழியின் சுவர் வழியாக மெதுவாக விட்டு, மறுபடி கவிழுங்கள். மூன்று தடவை. பிப்பெட்டின் டிப்பை அடித்தளத்தை நோக்கிப் பிடித்துப் பீய்ச்சினால் படலம் பெயர்ந்து போகும். பயந்துகொண்டு அரைகுறையாகக் கழுவினால், ஒட்டாத செல்களும் சாயம் ஏறி நிற்கும். ஒருவரே எல்லா பிளேட்டையும் ஒரே மாதிரி கழுவ வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் படலத்தை நிலைப்படுத்தி, 0.1% கிரிஸ்டல் வயலட் 125 மைக்ரோலிட்டர் விட்டு 15 நிமிடம் வையுங்கள். கல்ச்சரைவிட 25 கூடுதலாக விடுவதற்குக் காரணம் உண்டு: திரவத்தின் மேல்விளிம்பில் வளையமாக ஒட்டியிருப்பதும் நனைய வேண்டும். வடியும் தண்ணீர் தெளியும்வரை அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள்.

அடுத்தது, ஏறிய சாயத்தை அமிலத்தில் கரைப்பது. ஆனால் இப்போது அவசரப்பட்டு அமிலம் ஊற்றாதீர்கள். பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். 12228 குழிகளும் ஊதாவாக இருந்தால் கழுவல் போதவில்லை. 35984 குழிகளில் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால் கழுவிய வேகம் அதிகம். ரீடர் இதைச் சொல்லாது. உங்கள் கண் சொல்லும்.

சரியாக இருந்தால் 30% அசிட்டிக் அமிலம் 125 மைக்ரோலிட்டர், 15 நிமிடம். கரைந்ததில் 100ஐப் புதிய பிளேட்டுக்கு மாற்றி 550 நானோமீட்டரில் அளவிடுங்கள். வெறும் மீடியம் குழிகளின் சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் கிடைப்பது வெட்டு எல்லை. அதற்குள் இருந்தால் படலம் இல்லை. அதன் இரு மடங்குவரை பலவீனம், நான்கு மடங்குவரை நடுத்தரம், அதற்கு மேல் வலுவானது.

மருந்து கொடுத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சாயம் செத்த செல்லிலும், செல்லைச் சுற்றியுள்ள பசையிலும் ஏறும். மருந்து பாதிச் செல்களைக் கொன்றிருந்தாலும் ஊதா அப்படியே இருக்கலாம். அதனால் சாயமிடாத இன்னொரு பிளேட்டை இணையாக வைத்து, கழுவிய படலத்தைச் சுரண்டி, சோனிகேட்டரில் ஒலியலையால் பிரித்து, நீர்க்கச்செய்து அகாரில் பரப்பி, உயிரோடிருக்கும் செல்கள் கட்டும் காலனிகளை எண்ணுங்கள். இந்த இரண்டு எண்களும் சேர்ந்து வந்தால்தான் புராஜெக்ட் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன்.