கழிவு கைமாறும்போது சறுக்கும் இடங்கள்

ஓர் ஆலையின் கழிவை இன்னோர் ஆலை மூலப்பொருளாக எடுக்கும்போது இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். எங்கே எடுத்த சாம்பல் என்றல்லவா கேட்க வேண்டும்? புகையோடு போகாமல் மின்வடிகட்டியில் பிடிபடும் உலர் சாம்பல் மாவு போல நைசாக இருக்கும். சிமெண்ட் ஆலைகள் தேடுவது இதைத்தான். தண்ணீரில் கலக்கிக் குட்டைக்கு அனுப்பிய சாம்பலில் கொதிகலனின் அடியில் விழும் கரடுமுரடான சாம்பலும் சேர்ந்திருக்கும். பள்ளம் நிரப்ப, சாலைக்கு மேடு போட அது சரி, சிமெண்டுக்கு ஆகாது. ஒப்பந்தத்தில் வெறுமனே 'சாம்பல்' என்று எழுதினால் பின்னால் தகராறுதான்.

அடுத்த தவறு, ஒரே சேம்பிளை நம்பி வருடம் முழுக்க வாங்குவது. சிமெண்டிலும் கான்கிரீட்டிலும் சேர்க்கும் சாம்பலில், சூடேற்றும்போது குறையும் எடை 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 3812-இன் முதல் பாகம். அது பெரும்பாலும் எரியாமல் தங்கிய கரி. நிலக்கரி மாறினாலோ கொதிகலன் சரியாக எரியாவிட்டாலோ அளவு எகிறிவிடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து வேறு அதிகம். மற்ற சாம்பலுக்குப் போட்ட கலவையை அதற்கு அப்படியே போட முடியாது.

கொடுப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கழிவுதானே என்ற அலட்சியம்! வார்ப்பட ஆலையில், உலோகத்தை உருக்கி ஊற்றும் அச்சுக்குப் பயன்படுத்திய பழைய மணலை, கசடு, இரும்புத் துண்டு, டீ கப் எல்லாவற்றோடும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டு, அப்புறம் ஆள் தேடுவார்கள். பிரித்தெடுக்கும் கூலி மணலின் மதிப்பை விழுங்கிவிடும். உண்டாகும் இடத்திலேயே தனித்தனியாக எடுத்து வைப்பதுதான் மலிவு.

சரி, பொருள் இலவசமாகவே கிடைக்கிறது என்று வைப்போம். லாரி வாடகை? ஈரச் சாம்பல் ஏற்றினால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறோம்.

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் சேறான ஸ்லட்ஜ் போன்ற அபாயகரக் கழிவு என்றால் கதையே வேறு. "சும்மாதானே கொடுக்கிறோம், அனுமதி எதற்கு?" என்பது செல்லாது. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, அதை மூலப்பொருளாகப் பயன்படுத்துபவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். லாரியோடு அதற்குரிய படிவமும் போக வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கவும் கூடாது. குவிந்த பிறகு ஆள் தேட ஆரம்பித்தால் அவசரத்தில் கிடைத்தவரிடம் தள்ளிவிடத் தோன்றும். ஸ்லட்ஜ் சேரத் தொடங்கும் முன்பே வாங்குபவரை முடிவு செய்து, அவருடைய அங்கீகாரம் எந்தத் தேதிவரை, எவ்வளவு டன்னுக்கு என்று பார்த்துவிடுங்கள்.